பதினொரு மைல் காற்று

காற்றுக்கு ஒரு கந்தோர் வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியாது. தோன்றிய ஆள் கொழும்பில் இருந்திருப்பார். காற்றும் அவரும் அவ்வளவாகப் பழகியிருக்கமாட்டார்கள். எழுபத்திரண்டாம் ஆண்டு திருகோணமலைப் படகுத்துறையான ஜெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையடித்த மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி, 'காற்றளவு அறிவித்தற் பணிமனை' என்று மூன்று மொழியிலும் பெயர் மாட்டிக்கொண்டது. சனங்கள் அதைக் காத்துக் கந்தோர் என்றார்கள். மொட்டைமாடியில் காற்றுக்குச் சுழலும் கிண்ணங்கள் பூட்டிய கருவி. முகப்பில், ஏதோ ஒரு வெளிநாடு அன்பளிப்பாகத் தந்த மின்பலகை. காற்று மணிக்கு எத்தனை மைல் என்பதைப் பலகை இரண்டு இலக்கத்தில் காட்டும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு கீற்றாகப் பல்புகள். ஒவ்வொரு கீற்றையும் ஏற்றி அணைக்க ஒரு ட்ரான்சிஸ்டர். எல்லாமாகப் பதினான்கு.

குடாவைக் கடந்து ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார்ப் படகான மூதூர் லோஞ்ச் இனிமேல் இந்தப் பலகையின்படிதான் ஓடவேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. இருபத்தைந்துக்குக் கீழே காட்டினால் போகவேண்டும். அதற்கு மேலே என்றால் நிற்கவேண்டும். பலகை எரியாவிட்டாலும் நிற்கவேண்டும். அதற்கு முன்னர் முப்பது வருசமாகச் சுக்கானி பஸ்தியாம்பிள்ளை கடலைப் பார்த்துப் போனவர், கடலைப் பார்த்து நின்றவர். கடலைப் பார்ப்பது பற்றிச் சுற்றுநிருபத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை.

பலகையைப் பராமரிக்க, பட்டினத்தில் றேடியோ திருத்திக்கொண்டிருந்த முத்தலிப்பைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவன் சம்மதித்ததற்கு ஒரே காரணம் அவன் மனைவி லைலா. அவள் மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கிழமையில் ஐந்து நாளும் காலை லோஞ்சில் குடாவைக் கடந்துபோய், பின்னேர லோஞ்சில் திரும்புகிறவள். அவளுக்கு நீந்தத் தெரியாது. பலகை உண்மையைச் சொன்னால் அவள் வீடு வந்துசேர்வாள் என்பதுதான் முத்தலிப்பின் கணக்கு.

பலகை மூன்று மாதம் உண்மையைச் சொன்னது. அதற்குள் ஐந்து ட்ரான்சிஸ்டர்கள் செத்துப்போயின. வெளியிலிருந்து சாமான் இறக்குமதி நின்றிருந்த காலம். புது ட்ரான்சிஸ்டர் ஒன்று கொழும்பிலிருந்து வருவதற்குள் ஒரு பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிவிடும்; அதுவரை, சாகச் சாகப் பழைய றேடியோக்களில் கழற்றியதைப் போட்டுத்தான் சமாளிக்கவேண்டியிருந்தது. முத்தலிப் பலகையின் முதுகைக் கழற்றி இரண்டு நாள் உள்ளே தலையைவிட்டுப் பார்த்தான். காரணம் பிடிபட்டதும் அத்தியட்சகர் ஆனந்தராசாவின் அறைக்கு ஓடினான்.

"சேர், குளிர்ந்து கிடக்கிற பல்ப், ஏத்தின உடனே பத்து மடங்கு கறண்ட இழுக்கிது. அந்த முதல் இழுவையிலதான் ட்ரான்சிஸ்டர் சாகிது. காத்து மாற மாற நம்பரும் மாறுது, ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரு இழுவை. பல்புக்கு ஒண்டாச் சின்ன ரெசிஸ்டர் வெச்சி, எரியாம, சும்மா கதகதப்பா வெச்சிருந்தாப் போதும். பத்து வருசம் நிக்கும். ரெசிஸ்டர் என்னட்ட இரிக்கி. பழைய றேடியோவில கழட்டினது. சும்மாவே தாறன்."

ஆனந்தராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

"அப்ப, அணைஞ்சிருக்கிற பல்புக்குள்ளயும் கறண்ட் ஓடும் எண்டு சொல்லுறீர்?"

"ஓம் சேர். கொஞ்சமா."

"அப்ப அது அணைஞ்சிருக்கேல்ல."

"எரியாது சேர்."

"எரியவும் இல்லை, அணையவும் இல்லை. அரசாங்கக் கட்டடத்தில அப்பிடி ஒரு நிலைக்கு இடமில்லை முத்தலிப். ஒண்டில் கடமையில இருக்கவேணும், ஒண்டில் லீவில நிக்கவேணும். வேலை செய்யாமல் கறண்டை மட்டும் உள்ளுக்கு வாங்கிக்கொண்டு கதகதப்பாக் குந்தியிருக்கிறதை நான் எப்பிடி அனுமதிக்கிறது?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தியட்சகர் தன் கதிரையில் இருக்கும் நிலை அச்சாக அதுதான் என்று முத்தலிப்புக்குத் தோன்றியது. வெளியே வந்தான்.

ஆனால் ஆனந்தராசா சும்மா இருக்கிற ஆள் இல்லை. 'ட்ரான்சிஸ்டர் ஆயுள் நீடிப்புக் குழு' என்று ஒன்றை அமைத்தார். ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தவர் இல்லை. முதற் கூட்டத்தில், ட்ரான்சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தனிக்கோவை திறப்பதென்று தீர்மானித்தார்கள். தட்டெழுத்தாளர் இராசமலர் பதினான்கு கோவைகளையும் தட்டி முடிக்க ஒரு மாதம் பிடித்தது. கடமை ஏற்ற திகதி, நடத்தை, உடல்நிலை எல்லாம் இருந்தது. இரண்டாங் கூட்டத்தில் ட்ரான்சிஸ்டர்களுக்குப் பௌர்ணமிப் போயா நாள் லீவு கிடைத்தது. அந்த மாதப் போயாவுக்குப் பலகையை அணைத்து, மறுநாள் காலை ஏற்றியபோது, குளிர்ந்த பல்புகள் எல்லாம் ஒன்றாக இழுத்ததில் இன்னும் மூன்று செத்தன. 'லீவில் சென்று கடமைக்குத் திரும்பியவேளை மரணம்' என்று மூன்று கோவைகளும் மூடப்பட்டன. இராசமலர் ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை போட்ட அட்டை மாற்றினாள்.

இதற்கிடையில்தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. மாடிக் கருவியின் கிண்ணங்களுக்குள் உப்புக் காற்றில் கறள் ஏறி, ஒருநாள் அது இறுகிப் பிடித்துக்கொண்டது. பலகையில் 11 என்ற எண் அப்படியே நின்றுவிட்டது. முத்தலிப் சளிக்காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துவிட்டான். எழும்பி வந்து மேலே ஏறிப் பார்த்து, கறளைச் சுரண்டி, எண்ணெய் விட்டுச் சுழலவைத்தான். பலகை 17 காட்டியது, 20 காட்டியது, அன்று பின்னேரமே ஒரு ட்ரான்சிஸ்டர் செத்தது.

எண்ணெய் விட்டதற்கு அவனிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.

"ஒன்பது நாள்!" என்றார் ஆனந்தராசா, குழுவுக்கு முன்னால் விரலைத் தூக்கி. "ஒன்பது நாள் ஒரு மரணமும் இல்லை. ஏன்? நம்பர் மாறேல்ல. இந்த ஆள் போய்க் காத்தைக் கிளப்பிவிட்டான், ஒண்டு போயிட்டுது. கனவான்களே, ட்ரான்சிஸ்டரைக் கொல்லுறது கறண்ட் இல்லை. மாற்றந்தான். இவ்வளவு காலமும் நாங்கள் காத்துக்குப் பின்னால ஓடினோம். ஒரு பணிமனை காத்துக்குப் பின்னால ஓடலாமோ?"

குழு மேசையில் தட்டி ஆரவாரித்தது. மின்பலகை நிரந்தரமாக 11 காட்டும் என்று தீர்மானமாயிற்று. நாலு கீற்றுத்தான் எரியும், மீதிப் பத்துக்கும் பூரண ஓய்வு. கிண்ணங்களைக் கயிற்றால் கட்டிச் சாக்குப் போட்டு மூடினார்கள். கருவியிலிருந்து வரும் வயரைக் கழற்றி, 11 அணையாமல் எரியும்படி கட்டச் சொல்லி முத்தலிப்புக்குக் கட்டளை. அவன் ஏலாது என்றான். ஏலாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் வரும் என்றார்கள். பலகைக்குக் கிட்ட நின்றாலாவது ஏதும் செய்யலாம் என்று தனக்குத்தானே சாட்டுச் சொல்லிக்கொண்டு, தன் கையாலேயே கட்டினான்.

"நீ இனிப் பலகையப் பாக்காத, லைலா. கடலப் பாரு," என்றான் வீட்டில்.

"நான் பாத்து என்ன செய்யிற? சுக்கானி எல்லோ பாக்கணும்," என்றாள் அவள்.

சுக்கானி பார்க்கத்தான் செய்தார். அடுத்த மாரியில் ஒருநாள் குடா வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. பலகை 11 காட்டியது. பஸ்தியாம்பிள்ளை லோஞ்சைக் கயிறு அவிழ்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் அவருக்குக் கடிதம் வந்தது: 'உத்தியோகபூர்வக் காற்றிலும் பார்க்கக் கூடுதலான காற்றை எவ்வித அதிகாரமுமின்றி உணர்ந்தமைக்காகத் தாங்கள் இரு மாதங்கள் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறீர்கள்.' பஸ்தியாம்பிள்ளைக்கு ஐந்து பெண் பிள்ளைகள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் அதன்பிறகு ஒன்றையும் உணரவில்லை.

நாட்கள் ஏறின. முந்நூறு நாள் மரணமில்லை என்று ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அறுநூறு நாளில் வேறு திணைக்களங்களிலிருந்து பார்த்துப் படிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஆனந்தராசா பலகையைக் காட்டி, "இதில ஒரு ட்ரான்சிஸ்டராவது கஷ்டப்படுகிற மாதிரித் தெரியுதோ?" என்று கேட்பார். தெரியவில்லை என்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது காற்றில் பறக்கும் கோவைத் தாள்களைப் பியோன் ஓடி ஓடிப் பொறுக்குவான். ஆயிரம் நாளுக்குப் பெருவிழா என்று பந்தற்காலும் நட்டாகிவிட்டது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் நாள் காலை, உப்புவெளிப் பக்கத்திலிருந்து வானம் கறுத்து வந்தது. ஜெட்டியின் பலகைகளுக்கு இடையால் தண்ணீர் பீறிட்டு அடித்தது. மூதூரில் பிள்ளைகளுக்குச் சோதனை. லைலா வினாத்தாள் கட்டைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோஞ்சுக்குள் இருந்தாள். அவளோடு அறுபது பேர். பஸ்தியாம்பிள்ளை சுக்கானில் கை வைத்தபடி பலகையைப் பார்த்தார். 11. சிலுவை போட்டுக்கொண்டார்.

முத்தலிப் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினான்.

"சேர், லோஞ்ச நிப்பாட்டச் சொல்லுங்க! காத்து அம்பதுக்கு மேல நிக்கிது!"

"பலகை என்ன காட்டுது?"

"பலகைய நான்தானே சேர் கட்டினன்! யன்னலத் திறந்து பாருங்க!"

"யன்னலைத் திறந்தால் தாள் எல்லாம் பறக்கும்," என்றார் ஆனந்தராசா. பிறகு குரலைத் தணித்து, "இன்னும் நாலே நாள் முத்தலிப். நாலு நாள் பொறுக்கேலாதோ?" என்றார். அந்தக் குரலில் உண்மையான கெஞ்சல் இருந்தது.

மெயின் சுவிட்ச் அத்தியட்சகரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. முத்தலிப் பலகையின் முதுகைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குறட்டால் நாலு ட்ரான்சிஸ்டர்களின் கால்களையும் நறுக்கினான். ஒன்றுக்கு மூன்று கால். பன்னிரண்டு நறுக்கு. பலகை இருண்டது.

கீழே பஸ்தியாம்பிள்ளை அதைக் கண்டதும், "பலகை எரியேல்ல! இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!" என்று கத்தியது மாடிவரை கேட்டது. மூன்று வருசத்தில் அவர் அப்படிச் சந்தோசமாகக் கத்தி யாரும் கேட்டதில்லை. இறங்கிய சனங்களில் பாதிப்பேர் முத்தலிப்பைத் திட்டினார்கள். ஒருவருக்குக் கலியாண வீடு, ஒருவருக்கு நெல்லு மூட்டை. முக்கால் மணித்தியாலத்தில் காற்று முழு மூர்க்கத்தோடு வந்து பந்தற்காலைப் பிடுங்கி, மீன் சந்தைத் தகரத்தை உரித்து, வெறும் லோஞ்சைத் தூக்கி ஜெட்டியில் இரண்டு தரம் அடித்தது. திட்டினவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு கந்தோர்ச் சுவரோடு ஒதுங்கினார்கள். லைலா வினாத்தாள் கட்டை அணைத்தபடி முத்தலிப்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

விசாரணை மறுநாளே தொடங்கியது. அறுபத்தொரு பேர் உயிரோடு இருப்பது பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நாலு பேரைப் பற்றித்தான். வெட்டப்பட்ட நாலையும் வெள்ளைத் துணியில் கிடத்தி மேசையில் வைத்திருந்தார்கள். முத்தலிப் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். அதை அவன் எதிர்பார்த்தான். எதிர்பாராதது ஆயிரமாம் நாள் விழா, குறித்த நேரத்துக்கு, இருண்ட பலகைக்கு முன்னாலேயே நடந்ததுதான். பலகைக்கு மாலை போட்டிருந்தார்கள்.

"சில விஷமிகள்," என்று ஆனந்தராசா ஒலிபெருக்கியில் சொன்னார், "எங்கட சாதனையை அழிச்சுப்போட்டம் எண்டு நினைக்கினம். உண்மை என்ன? வெட்டுப்பட்டதுகள் நாலு. அது கொலை, மரணக் கணக்கில வராது. மிச்சம் பத்தும் சுகமா இருக்குதுகள். இனி இந்தப் பலகையை ஏத்தவே மாட்டம். ஏத்தாத பலகையில எந்த ட்ரான்சிஸ்டரும் எந்தக் காலத்திலயும் சாகாது! உலகத்தில ஒருத்தரும் எட்டாத ஆயுளை நாங்கள் எட்டியிருக்கிறம். லோஞ்ச் பயணிகள் கவலைப்படத் தேவையில்லை. இன்று தொடக்கம் புதுச் சுற்றுநிருபம். எரியாத பலகை, பதினொன்று காட்டுவதாகவே கொள்ளப்படும்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பால் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் பஸ்தியாம்பிள்ளை முத்தலிப்பின் றேடியோக் கடைக்கு வந்தார். சுற்றுநிருபத்தின் பிரதி சட்டைப் பையில் மடித்துக் கிடந்தது.

"இனி என்னத்தைத் தம்பி வெட்டுவாய்?" என்று கேட்டார்.

முத்தலிப் மேசையில் கிடந்த குறட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினான். பஸ்தியாம்பிள்ளை எழும்பிப் போனார்.

லைலா ஐந்து நாள் லீவு போட்டாள். கல்வி அலுவலகம் லீவை மறுத்தது. உத்தியோகபூர்வக் காற்று 11 ஆக இருக்கையில் கடலைக் காரணம் காட்ட முடியாது என்று எழுதியிருந்தது. ஆறாம் நாள் அவள் வெளிக்கிட்டபோது முத்தலிப் வாசலை மறித்தான்.

"போகாத புள்ள. கெஞ்சிக் கேக்கிறன்."

"இஞ்சேருங்க, சோதனைப் பிள்ளையள் அங்க பாத்திட்டு நிக்கிம். எல்லாரும் போறாங்க, நான் மட்டும் இரிக்க ஏலுமா?"

போனாள். போய்ச் சேர்ந்தாள், திரும்பி வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். வராமற்போகும் நாள் எது என்பதைச் சொல்லும் பலகை இல்லாததால், முத்தலிப் ஒவ்வொரு பின்னேரமும் கடையைப் பூட்டிவிட்டு ஜெட்டியில் நின்றான். பதினேழாம் நாள் லோஞ்ச் வரவில்லை.

குடாவின் நடுவில் பக்கவாட்டில் வந்த ஒரு அலை, பிறகு இன்னொன்று. மூழ்கிக்கொண்டிருந்த லோஞ்சின் இருக்கைப் பலகையொன்றைப் பஸ்தியாம்பிள்ளை கழற்றி லைலாவின் கைகளுக்குள் செருகி, அவளைத் தள்ளிவிட்டிருக்கிறார். கிண்ணியா மீன்காரர்கள் இருட்ட முன்னர் அவளை எடுத்தார்கள். பஸ்தியாம்பிள்ளையை எடுக்க முடியவில்லை. அவரோடு இருபத்திரண்டு பேர். அந்த ஐந்து பெண் பிள்ளைகளும் ஜெட்டியில் வரிசையாக நின்றதை முத்தலிப் பார்த்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்க அவனால் ஏலவில்லை.

விபத்து விசாரணையும் காத்துக் கந்தோரில்தான். ஆனந்தராசாதான் தலைமை. லைலா சாட்சி, முத்தலிப் அவளுக்குத் துணையாகப் பின் கதிரையில் இருந்தான். இராசமலர் தட்டெழுத்து யந்திரத்தில் தாளைச் சொருகினாள்.

"ரீச்சர், அண்டைக்குக் காத்து எப்பிடி இருந்தது?"

"நிண்டு பிடிக்க ஏலாத காத்து சேர். லோஞ்சின்ட கூரை பிஞ்சி பறந்தது. சுக்கானி அண்ணன் கத்தினது பக்கத்தில இருந்த எனக்கே கேக்கல்ல."

"பதினொன்று," என்றார் ஆனந்தராசா இராசமலரிடம். யந்திரம் இரண்டு தரம் டக் டக்கென்றது.

"நான் அப்பிடிச் சொல்லல்ல!"

"நீங்கள் சொல்லத் தேவையில்லை ரீச்சர். சுற்றுநிருபம் சொல்லுது. பதினொரு மைல் காத்தில லோஞ்ச் கவிழாது. கவிழ்ந்தபடியால் சுக்கானியின்ர கவனயீனம். விசயம் அவ்வளவுதான். வேற யாரையும் நாங்கள் குற்றம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, எல்லாருக்கும் நல்லது. கையெழுத்தைப் போடுங்கோ."

இராசமலர் தாளை உருவி மேசையில் வைத்தாள். அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆனந்தராசா பேனாவைத் திறந்து லைலாவின் பக்கம் நீட்டினார்.

லைலா தாளை முழுவதும் வாசித்தாள். பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிறவள்போல வரி வரியாக வாசித்தாள். பிறகு முக்காட்டை ஒரு கையால் ஒதுக்கி, குனிந்து, அந்தத் தாளின் நடுவில் காறித் துப்பினாள். பதினாறு வருசக் குடித்தனத்தில் அவள் தெருவில்கூடத் துப்பி முத்தலிப் கண்டதில்லை.

ஆனந்தராசா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். எழுத்துகள் அழியவில்லை.

"பிள்ளை இராசமலர்," என்றார். "அது காய்ஞ்ச பிறகு கோவையில போடுங்கோ."